கேத்தோடில் அழுக்கு ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி: ஒரு டேங்க் ஹவுஸ்காரரின் குறிப்புகள்

தாமிரம் சுத்திகரிக்கும் டேங்க் ஹவுஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கல்லூரியில் படித்த ஒரு படத்தோடு வருவார்கள். ஆனோடு என்கிற அழுக்குத் தாமிரத் தகடு கரைகிறது, மின்சாரம் தாமிரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேத்தோடு என்கிற எதிர்த் தகட்டில் சேர்க்கிறது, மிச்சமெல்லாம் அடியில் ஸ்லைம் என்கிற சேறாக விழுகிறது. படம் தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, கேத்தோடில் திடீரென்று ஆன்டிமனி ஏறிவிட்டது என்று லேப் சொல்லும்போது என்ன செய்வது என்று தெரியாது. உடனே மின்சாரத்தின் மேல் சந்தேகப்படுவார்கள், கரண்டைக் குறைப்பார்கள். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

நான் லேப்பில் கொஞ்ச காலம், அப்புறம் ஷிப்ட் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன். என் கட்சி இதுதான்: கேத்தோடுக்குள் போகும் அழுக்கில் பெரும்பகுதி மின்சாரத்தால் போவதில்லை, ஒட்டிக்கொண்டு போகிறது. இதை ஒப்புக்கொண்டால் மற்ற வேலைகள் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

எந்த வழியாக உள்ளே வருகிறது

நிக்கல், கோபால்ட், இரும்பு, துத்தநாகம் எல்லாம் தாமிரத்தைவிட எளிதில் கரையக்கூடியவை. ஆனோடிலிருந்து கரைசலுக்குப் போகும், அங்கேயே தங்கிவிடும். கேத்தோடில் அவை படிவதற்கு வேண்டிய மின்னழுத்தம் நம் செல்லில், அதாவது தகடுகள் தொங்கும் தொட்டியில், வருவதே இல்லை. நல்லபடியாக ஓடும் செல்லின் மொத்த அழுத்தமே 0.25, 0.3 வோல்ட்தான். தங்கமும் பிளாட்டினமும் கரைவதே இல்லை, ஸ்லைமில் விழுந்துவிடும். ஈயம் கரைந்த மாத்திரத்தில் சல்பேட்டாகிக் கீழே போகும். செலினியமும் டெலூரியமும் தாமிரத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்த சேர்மங்களாகவே ஆனோடில் இருக்கும், அப்படியே உதிரும்.

தலைவலி மூன்று பேரால்: ஆர்செனிக், ஆன்டிமனி, பிஸ்மத். இவை மின்னழுத்த வரிசையில் தாமிரத்துக்குப் பக்கத்து வீடு. ஆனால் இவையும்கூட, கரைசலில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் தாமிரம் இருக்கும்வரை மின்சாரத்தால் படிவதில்லை. கேத்தோடின் முகத்தில் தாமிரத்துக்குப் பஞ்சம் வந்தால்தான் இவற்றின் முறை வரும். மின்சாரத்தால் உண்மையாகவே கூடப் படிவது வெள்ளி ஒன்றுதான். அது தாமிரத்தைவிட உயர்ந்த உலோகம் என்பதால், கரைசலில் துளி கரைந்திருந்தாலும் கேத்தோடு அதை விடாது.

ஆக, வழிகள் மூன்று. ஸ்லைம் துகள் கேத்தோடின் முகத்தில் ஒட்டி, அதன் மேல் தாமிரம் வளர்ந்து மூடிவிடுவது. மேடுபள்ளமான படிவுக்குள் கரைசலே சிறைப்படுவது. வெள்ளி தானாகப் படிவது. முதல் வழிதான் மோசமானது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் விளங்கும்.

உங்கள் எலக்ட்ரோலைட்டில், அதாவது செல்லில் ஓடும் கரைசலில், லிட்டருக்குத் தாமிரம் 45 கிராம், கந்தக அமிலம் 180, நிக்கல் 15, ஆர்செனிக் 10, ஆன்டிமனி 0.4, பிஸ்மத் 0.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தோடில் நிக்கல் 2 பிபிஎம் என்று லேப் சொல்கிறது. அதாவது ஒரு கிலோ தாமிரத்தில் 2 மில்லிகிராம். நிக்கல் வருவதற்குச் சிறைப்பட்ட கரைசலைத் தவிர வேறு பெரிய வழி இல்லை. ஒரு மில்லிலிட்டர் கரைசலில் 15 மில்லிகிராம் நிக்கல் என்றால், கிலோவுக்கு 0.13 மில்லிலிட்டர் கரைசல் உள்ளே மாட்டியிருக்கிறது. மூன்று சொட்டுகூட இல்லை. ஆனால் அந்த 0.13 மில்லிலிட்டருக்குள் சல்பேட்டாக இருக்கும் கந்தகம் ஏறக்குறைய 12 மில்லிகிராம். கந்தகத்துக்கு அனுமதி 15 பிபிஎம். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

அதே 0.13 மில்லிலிட்டரில் ஆர்செனிக் 1.3 பிபிஎம் வரும். ஆன்டிமனி? 0.05. பிஸ்மத் 0.03. ஒன்றுமே இல்லை. அப்படியானால் அறிக்கையில் ஆன்டிமனி 3 பிபிஎம் என்று வந்தால் அது கரைசலிலிருந்து வந்திருக்கவே முடியாது. திடத் துகளாகத்தான் வந்திருக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் செல்லின் எண்களை வைத்து ஒரு தரம் போட்டு, மேசையில் ஒட்டி வையுங்கள். பாதி வாக்குவாதம் அதோடு தீர்ந்துவிடும்.

எவ்வளவு வரை தாங்கும்

லண்டன் உலோகச் சந்தையில் கிரேடு ஏ என்று விற்க வேண்டுமானால், பிஎஸ் ஈஎன் 1978 தரத்தின் முதல் வகைக்குள்ளோ, அதற்கு இணையாகச் சந்தை ஏற்கும் தரத்துக்குள்ளோ இருக்க வேண்டும். எல்லா அழுக்கும் சேர்த்து 65 பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது. செலினியம், டெலூரியம், பிஸ்மத் ஒவ்வொன்றும் 2, மூன்றும் சேர்ந்து 3. ஆன்டிமனி 4, ஆர்செனிக் 5, ஈயம் 5, இரும்பு 10, கந்தகம் 15, வெள்ளி 25.

வெள்ளிக்கு 25 தருகிறவர்கள் பிஸ்மத்துக்கு 2 மட்டும் தருவது ஓரவஞ்சனை இல்லை. வெள்ளி தாமிரத்தின் மின்கடத்தலை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. பிஸ்மத் தாமிரப் படிகங்களின் எல்லைகளில் போய் உட்கார்ந்து உலோகத்தை நொறுங்க வைக்கும், கம்பி இழுக்கும்போது அறுந்துபோகும். செலினியமும் டெலூரியமும் கம்பியைப் பதப்படுத்தும் வெப்பநிலையை மாற்றிவிடும். ஆகவே உங்கள் கண் எப்போதும் முதலில் அந்த 2 பிபிஎம் கும்பலின் மேல் இருக்கட்டும்.

வேலை ஆனோடிலேயே ஆரம்பிக்கிறது

ஆனோடு என்ன தரத்தில் வருகிறதோ அதற்கேற்பத்தான் டேங்க் ஹவுஸ் நடக்கும். பொதுவாக 99 சதவீதத்துக்கு மேல் தாமிரம் இருக்கும், 98.5 வரை இறங்குவதும் உண்டு. உருக்குகிறவர்களிடம் நான் கேட்பது தாமிரத்தின் சதவீதத்தை அல்ல, ஆர்செனிக்குக்கும் ஆன்டிமனி, பிஸ்மத்துக்கும் உள்ள விகிதத்தை.

ஆர்செனிக் இங்கே விந்தையான ஆசாமி. கேத்தோடில் வந்தால் எதிரி, ஆனோடில் இருந்தால் நண்பன். போதுமான ஆர்செனிக் இருந்தால் ஆன்டிமனியும் பிஸ்மத்தும் ஆர்செனேட்டாகி கனமான ஸ்லைமோடு சேர்ந்து இறங்கும். ஆர்செனிக் குறைந்தால் அவை கரைசலிலேயே நுண்ணிய துகளாகப் பிரிந்து, மேலும் போகாமல் கீழும் போகாமல் மிதக்கும். இதுதான் மிதக்கும் ஸ்லைம். துகளின் அளவு பாதியானால் படியும் வேகம் கால்வாசியாகிவிடும். அதனால் இந்த நுண்துகள்கள் மணிக்கணக்கில் செல்லைச் சுற்றி, எந்தக் கேத்தோடு கிடைக்கிறதோ அதில் ஒட்டும்.

விகிதத்தை எடையில் பார்க்காதீர்கள், அணுக்கணக்கில் பாருங்கள். ஒவ்வொன்றின் பிபிஎம்மையும் அதன் அணு எடையால் வகுக்க வேண்டும்: ஆர்செனிக் 75, ஆன்டிமனி 122, பிஸ்மத் 209. ஆனோடில் ஆர்செனிக் 1000, ஆன்டிமனி 300, பிஸ்மத் 100 பிபிஎம் என்றால், 13.3-ஐ 2.94-ஆல் வகுத்து 4.5 வரும். நிம்மதியாகத் தூங்கலாம். அதே ஆன்டிமனி, பிஸ்மத்தோடு ஆர்செனிக் மட்டும் 400-க்கு இறங்கினால் விகிதம் 1.8. இரண்டுக்குக் கீழே வந்துவிட்டால் மிதக்கும் ஸ்லைமை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் ஆர்செனிக் அதிகமுள்ள ஆனோடுகளைக் கலந்து ஏற்றுவது, கரைசலில் ஆர்செனிக்கை அளவுக்கு மீறி வெளியேற்றாமல் இருப்பது, இரண்டும் உதவும். "ஆர்செனிக் குறைந்தால் நல்லதுதானே" என்று மேலிடத்தில் சந்தோஷப்படுவார்கள். பொறுமையாக விளக்குங்கள்.

ஆக்சிஜன் 0.1 முதல் 0.2 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதற்கு மேலே போனால் ஆனோடில் உள்ள தாமிர ஆக்சைடு மின்சாரம் இல்லாமலே அமிலத்தில் கரைந்து, கரைசலில் தாமிரத்தை ஏற்றிக்கொண்டே போகும். நிக்கல் 0.3 சதவீதத்தைத் தாண்டினால் நிக்கல் ஆக்சைடு படிகங்கள் உருவாகும். அவை கரையாது, ஆனோடின் முகத்தில் ஸ்லைமைத் தடிப்பாக்கி ஆனோடைச் செயலிழக்க வைக்கும். அப்போது செல் வோல்டேஜ் தூக்கித் தூக்கிப் போடும். அப்படிப் பார்த்தால் கரண்டைக் குறைத்து, வெப்பநிலையையும் ஓட்டத்தையும் கூட்டுங்கள். கரைசலில் தாமிரமும் அமிலமும் மிகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சமயத்தில் ஆனோடுக்கு ஒட்டிய கரைசலில் தாமிர சல்பேட் படிகமாகிவிடுகிறது, அதைக் கரைத்து அனுப்புவதுதான் நோக்கம்.

வார்ப்பு அச்சில் பூசும் பேரியம் சல்பேட்டையும் மறந்துவிட வேண்டாம். ஆனோடில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வெள்ளைத் தூள் எதிலும் கரையாது. ஏற்றுவதற்கு முன் ஆனோடைக் கழுவுகிற இடத்தில் தண்ணீர் அழுத்தம் குறைந்திருந்தால் அது செல்லுக்குள்தான் வரும். கழுவிய ஆனோடு ஒன்றை விரலால் தேய்த்துப் பார்ப்பது என் பழக்கம். விரல் வெளுத்தால் கழுவுமிடத்துக்குப் போய்விடுவேன்.

ஆனோடு வளைந்திருப்பதும் அழுக்குப் பிரச்சினைதான். ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 25, 30 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். ஓர் ஓரம் உள்ளே வளைந்தால் அங்கே மின்னோட்டம் குவியும், குவிந்த இடத்தில் படிவு முரடாகும், முரடான இடத்தில் துகள் தங்கும்.

கரைசலின் நிலை

தாமிரம் லிட்டருக்கு 40 முதல் 50 கிராம், அமிலம் 150 முதல் 200, வெப்பநிலை 60 முதல் 65 டிகிரி. பெரும்பாலான ஆலைகள் இந்த வட்டத்துக்குள்தான் ஓடுகின்றன. தாமிரம் குறைந்தால் கேத்தோடு முகத்தில் பஞ்சம். கூடினால் கரைசல் கெட்டியாகி ஸ்லைம் இறங்குவது தாமதப்படும், ஆனோடும் சீக்கிரம் செயலிழக்கும். வெப்பம் குறைந்தாலும் அதே கதை. 65-ஐத் தாண்டினால் ஆவியாதல், அமிலப் புகை, அதைவிட முக்கியமாக, படிவு சமமாக விழ நாம் சேர்க்கும் வஜ்ஜிரப் பசை சீக்கிரம் கெட்டுப்போவது.

செல்லின் இரு முனைகளிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். உள்ளே வரும்போது 64 இருந்து வெளியே போகும்போது 58 என்றால், அந்தச் செல்லுக்கு ஓட்டம் போதவில்லை அல்லது குழாயில் அடைப்பு. கட்டுப்பாட்டு அறையில் தெரியும் ஒற்றை எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஓட்டம் விஷயத்தில் பேராசைப்பட வேண்டாம். கூட்டினால் தாமிரமும் வஜ்ஜிரமும் எல்லாக் கேத்தோடுக்கும் சமமாகப் போகும், உண்மை. ஆனால் அடியில் படிந்திருக்கும் ஸ்லைமும் எழும்பும். தெளிந்த குட்டையைக் குழப்புகிற வேலை அது. சாதாரண செல்லில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் என்ற அளவில் ஆரம்பித்து, கரைசல் வெளியேறும் பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச் ஒளியில் மினுமினுப்பாகத் துகள் தெரிந்தால் ஓட்டம் அதிகம், அல்லது மிதக்கும் ஸ்லைம். ஓட்டத்தைக் குறைத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பிடியுங்கள். தெளிந்துவிட்டால் முதலாவது. தெளியவில்லை என்றால் ஆனோடு விகிதத்தைத் தேடுங்கள். இந்தக் குவளைச் சோதனைக்குச் செலவே இல்லை, லேப் முடிவு வருவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும்.

சுற்றோட்டத்தின் ஒரு பகுதியை எப்போதும் வடிகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வடிகட்டியின் அழுத்த வித்தியாசம் வழக்கத்தைவிட வேகமாக ஏறுகிறது என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

வஜ்ஜிரம், தயோயூரியா, உப்பு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதிகமாகச் சண்டை நடப்பதும் இங்கேதான். கேத்தோடின் முகம் கண்ணாடிபோல் இல்லாவிட்டாலும் சமமாக, அடர்த்தியாக இருந்தால் துகளுக்கு உட்கார இடமில்லை, கரைசலுக்குப் பதுங்கக் குழியில்லை. அந்தச் சமத்தைத் தருவது மூன்று சேர்மானங்கள். எலும்பிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரம், ஒரு டன் கேத்தோடுக்கு 50 முதல் 120 கிராம் வரை. தயோயூரியா, ஏறக்குறைய அதே அளவு, பல இடங்களில் வஜ்ஜிரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. குளோரைடு, கரைசலில் லிட்டருக்கு 30 முதல் 60 மில்லிகிராம்.

வஜ்ஜிரம் மேடான இடங்களில் ஒட்டிக்கொண்டு அங்கே தாமிரம் மேலும் வளராமல் தடுக்கிறது. ஆனால் அது புரதம். சூடான அமிலத்தில் அதன் நீளமான மூலக்கூறு துண்டு துண்டாக உடையும், துண்டு சிறியதாக ஆக ஆக வேலை செய்யாது. சில மணி நேரத்தில் அதன் வீரியம் போய்விடும். ஆகவே ஷிப்டுக்கு ஒரு முறை வாளியில் கரைத்து ஊற்றுவது என்ற வழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். ஊற்றியதும் அளவு மிஞ்சும், ஷிப்ட் முடிவில் வெறுமையாகிவிடும். சிறிய பம்ப் வைத்து நாள் முழுக்கத் துளித்துளியாக விட வேண்டும்.

கரைக்கும் தொட்டியிலும் கவனம் வேண்டும். வஜ்ஜிரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து, மிதமான சூட்டில் கட்டியில்லாமல் கரைத்து, அன்றன்றைக்கு முடித்துவிடுங்கள். கொதிக்க விட்டால் செல்லுக்குப் போகும் முன்பே பாதி உடைந்திருக்கும். நேற்றைய மிச்சத்தில் இன்றைக்குப் புதியதைக் கலந்தால் நாற்றம் மட்டும் வரும், வேலை நடக்காது. கரைந்த வஜ்ஜிரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிரித்துப் பாருங்கள், இழை இழுக்க வேண்டும். தண்ணீர் மாதிரி வழுக்கினால் அது போய்விட்டது. பழைய ஆட்கள் இப்படித்தான் பார்த்தார்கள், இன்றைக்கும் பொய் சொல்வதில்லை.

தயோயூரியா படிகங்களைச் சிறியதாக்கும். ஆனால் அதன் மூலக்கூறுக்குள்ளேயே கந்தகம் இருக்கிறது. மிஞ்சினால் அந்தக் கந்தகம் கேத்தோடில் சேரும், முகத்தில் நெடுக்குக் கோடுகள் விழும். அறிக்கையில் நிக்கல் ஏறாமல் கந்தகம் மட்டும் ஏறினால் என் கை முதலில் தயோயூரியா பம்ப் மேல்தான் போகும். முன்பு சொன்ன கணக்கின் பயன் இது: சிறைப்பட்ட கரைசலாக இருந்தால் நிக்கலும் கூடவே ஏறியிருக்கும்.

குளோரைடு இரண்டு வேலை செய்கிறது. மற்ற இரண்டோடு சேர்ந்து படிவைச் சமமாக்குகிறது. கரைந்திருக்கும் வெள்ளியை வெள்ளி குளோரைடாக்கி ஸ்லைமுக்கு அனுப்புகிறது. வெள்ளி மட்டும் தனியாக ஏறுகிறதென்றால் குளோரைடு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மிஞ்சவும் விடக்கூடாது, ஊசி ஊசியாக வளர ஆரம்பிக்கும். உப்பாகப் போடுவதா, ஹைட்ரோகுளோரிக் அமிலமாகப் போடுவதா என்றால் நான் அமிலத்தின் பக்கம். உப்பில் வரும் சோடியம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றினால் அந்தக் கேத்தோடு இறங்கும்வரை, ஒரு வாரம் பத்து நாள், பொறுத்திருந்து பாருங்கள். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

தரைமட்ட வேலை

ஏற்றும்போது மெதுவாக. கிரேன் ஓட்டுகிறவர் ஆனோடு வரிசையைத் தடாலென்று இறக்கினால் பக்கத்துச் செல்வரை அதிரும். ஸ்லைம் எடுக்கும் முறையில் செல்லின் மேல்பகுதிக் கரைசலை முதலில் தனியாக வடித்துவிட்டு, பிறகு அடிச் சேற்றைத் தனிக் குழாயில் அனுப்ப வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் அந்தச் சேறு சுற்றோட்டத்துக்குள் வந்து நாள் கணக்கில் சுற்றும். புதிதாக ஏற்றிய செல்லில் முதல் சில மணி நேரம் கரண்டைக் குறைவாக வைப்பது நல்லது. முதல் அடுக்கு சமமாக விழுந்தால்தான் அதன் மேல் வருவது சமமாக இருக்கும்.

ஷார்ட், அதாவது ஆனோடும் கேத்தோடும் ஒன்றையொன்று தொட்டுவிடுவது, இருக்கிறதா என்று பார்ப்பது சோம்பலை அனுமதிக்காத வேலை. காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரோ வெப்பக் கேமராவோ, எது இருந்தாலும் எல்லாச் செல்லையும் முறை வைத்துப் பார்த்தாக வேண்டும். ஷார்ட் ஆன கேத்தோடு மின்சாரத்தை வீணாக்குவது மட்டுமில்லை. அதைச் சரிசெய்யக் கம்பியால் தட்டும்போது எதிரே இருக்கும் ஆனோடின் ஸ்லைம் உதிர்கிறது. ஆகவே தட்டுகிற வேலை குறைய வேண்டும் என்றால் ஏற்றும்போதே நேராகத் தொங்கவிட வேண்டும். மின்சாரம் கொண்டுவரும் பஸ் பாரின் தொடுமுனைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொடர்பு மோசமானால் அதன் பங்கு கரண்ட் பக்கத்துக் கேத்தோடுகளுக்குப் போய், அங்கே தாமிரம் கட்டியாகத் துருத்தி முடிச்சு வளரும்.

இறக்கிய கேத்தோடை நன்றாகச் சூடான தண்ணீரில், ஈரம் காய்வதற்கு முன்பே கழுவுங்கள். காய்ந்துவிட்ட சல்பேட் கழுவினாலும் முழுதும் போகாது.

வெளியேற்றும் கணக்கு

கரைசலில் நிக்கலும் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் தினமும் சேர்கின்றன. சேர்வதை எடுத்தாக வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரே சூத்திரம்: ஒரு நாளில் கரைசலுக்கு வரும் எடையை, நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் செறிவால் வகுக்க வேண்டும்.

நாளைக்கு 500 டன் ஆனோடு கரைகிறது, டன்னுக்கு 1.2 கிலோ நிக்கல் கரைசலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கிலோ. கன மீட்டருக்கு 15 கிலோவில் நிறுத்த 40 கன மீட்டர் வெளியேற்றினால் போதும். ஆர்செனிக் டன்னுக்கு 0.65 கிலோ என்றால் 325 கிலோ. 10-இல் நிறுத்த 32.5 கன மீட்டர். ஆன்டிமனி டன்னுக்கு 0.12 கிலோதான் வருகிறது, வெறும் 60 கிலோ. ஆனால் அதை 0.4-இல் நிறுத்த வேண்டுமே! 150 கன மீட்டர் வேண்டும். ஆகக் குறைவாக வருகிற ஆன்டிமனிதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. இதற்காக அத்தனை கரைசலையும் வெளியேற்றினால் தாமிரமும் ஆர்செனிக்கும் தேவைக்கு மேல் போய்விடும். அதனால்தான் ஆன்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் தனியாக அயனிப் பரிமாற்றப் பிசின் வைக்கிறார்கள். அது அந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அப்புறம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிசினைக் கழுவி எடுக்கலாம். அப்படிக் கழுவிய பிறகு பிசினில் தங்கும் குளோரைடு சுற்றோட்டத்துக்குள் வந்துவிடாமல் தண்ணீர்விட்டு அலச வேண்டும்.

வெளியேற்றிய கரைசல் லிபரேட்டர் செல்களுக்குப் போகும். அங்கே ஆனோடு ஈயம், கரையாது. முதல் கட்டத்தில் விற்கும் தரத்துக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ தாமிரம் கிடைக்கும். அடுத்த கட்டங்களில் தாமிரம் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழே இறங்க இறங்க, ஆர்செனிக், ஆன்டிமனி, பிஸ்மத் தாமிரத்தோடு சேர்ந்து கறுப்புச் சேறாகப் படியும். மிஞ்சியதைக் காய்ச்சினால் நிக்கல் சல்பேட் படிகம், அதற்குப் பிறகு கறுப்பு அமிலம். அந்த அமிலம் மறுபடி சுற்றோட்டத்துக்கு.

கடைசிக் கட்டத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. தாமிரம் தீர்ந்த கரைசலில் ஹைட்ரஜன் கிளம்பும்போது ஆர்சின் வாயுவும் வரும். நிறம் இல்லை. பூண்டு வாடை வரும் என்பார்கள், வாடை தெரிகிற அளவே ஆபத்தான அளவு. காற்றில் 3 பிபிஎம் உடனடி உயிராபத்து என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மூச்சுத் திணறலோ எரிச்சலோ முதலில் இருக்காது, சில மணி நேரம் கழித்துச் சிறுநீர் சிவந்து போகும்போதுதான் தெரியும். மூடிகள், உறிஞ்சி, வாயு அளக்கும் கருவி மூன்றும் ஓடாவிட்டால் அந்தப் பகுதிக்கு மின்சாரமே போகாதபடி இணைப்பு இருக்க வேண்டும். யாராவது அதைச் சுற்றிவளைத்து ஓட்டுவதாகத் தெரிந்தால், அன்றைய உற்பத்தியை மறந்துவிட்டு நிறுத்துங்கள்.

முடிச்சை வெட்டிப் பார்ப்பது

இத்தனைக்குப் பிறகும் கேத்தோடில் முடிச்சு வரும். தூக்கி ஓரமாக வைக்காதீர்கள், அது உங்களோடு பேசக் காத்திருக்கிறது. உளியால் ஒரு முடிச்சைப் பெயர்த்து, நடுவாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். அடியில், முடிச்சு கிளம்பிய இடத்தில், கறுப்போ சாம்பலோ நிறத்தில் ஒரு புள்ளி இருந்தால் ஸ்லைம் துகள் உட்கார்ந்து அதன் மேல் வளர்ந்தது. புள்ளியே இல்லாமல் சுத்தத் தாமிரம் மரக்கிளைபோல் போகிறதென்றால் மின்னோட்டம் குவிந்திருக்கிறது; இடைவெளியையும் தொடுமுனையையும் பாருங்கள். மேடு முழுக்கப் பஞ்சுபோல் ஓட்டை இருந்தால் வஜ்ஜிரம் போதவில்லை.

முடிச்சு எங்கே இருக்கிறது என்பதும் செய்தி. கேத்தோடின் கீழ்ப்பாதியில் மட்டும் கூட்டமாக இருந்தால் அடிச் சேறு கிளம்புகிறது. மேல், கீழ் பாராமல் எங்கும் பொடிப்பொடியாக இருந்தால் மிதக்கும் ஸ்லைம். கரைசல் நுழையும் முனைக் கேத்தோடுகள் நன்றாக இருந்து வெளியேறும் முனை முரடானால், வஜ்ஜிரம் அங்கே போய்ச் சேரும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

லேப் அறிக்கையையும் இப்படியே கூட்டங்களாகப் படிக்க வேண்டும். ஈயம், ஆன்டிமனி, பிஸ்மத், செலினியம் எல்லாம் ஒன்றாக ஏறினால் துகள். நிக்கலும் கந்தகமும் கைகோத்து ஏறினால் சிறைப்பட்ட கரைசல். ஈயம் தனியாக ஏறினால் லிபரேட்டரின் ஈய ஆனோடு உதிர்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஆன்டிமனியும் பிஸ்மத்தும் ஏறி, ஈயமும் செலினியமும் அசையாமல் இருந்தால் அது ஆனோடு ஸ்லைம் அல்ல, கரைசலில் பிரிந்த மிதக்கும் ஸ்லைம்.

கடைசியாக, மாதிரி எடுப்பது. கேத்தோடின் நடுவில், பளபளப்பான இடத்தில் மட்டும் துளை போட்டு எடுக்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, கேட்டால் துரப்பணம் அங்கேதான் நன்றாக இறங்குகிறது என்பார்கள். அழுக்கு இருப்பது மேல் ஓரத்திலும் கீழ் மூலையிலும். மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்கே, முழுத் தடிப்பும் ஊடுருவும்படி, ஒரே இடைவெளியில் துளைத்து, தூளை நன்றாகக் கலந்து பங்கு பிரியுங்கள். துளைக்கும்போது எண்ணெய் விடக்கூடாது. துரப்பண முனையின் இரும்பு தூளில் கலந்திருக்கும், காந்தத்தால் அதை எடுத்துவிட்டு லேப்புக்கு அனுப்புங்கள். எடுக்காமல் அனுப்பினால் மறுநாள் காலையில் இரும்பு 12 பிபிஎம் என்று அறிக்கை வந்து, ஒரு ஷிப்ட் முழுக்க இல்லாத இரும்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.